இறந்த நடிகரின் மீதிக் காட்சிகள்: கதையை மாற்றுவதா, முகத்தைக் கணினியில் உருவாக்குவதா?

படப்பிடிப்பு முடியுமுன் நடிகர் இறந்துவிட்டால், கொழும்பில் சிறு முதலீட்டில் தமிழ்ப் படம் எடுப்பவருக்கு நாம் சொல்வது: முதலில் கதையில் கைவையுங்கள். ‘தி இமாஜினேரியம் ஒப் டாக்டர் பர்னாசஸ்’ படத்தில் நடித்துக்கொண்டிருந்த ஹீத் லெட்ஜர் 2008 ஜனவரியில் மறைந்தபோது, ஜொனி டெப், ஜூட் லோ, கொலின் ஃபாரல் மூவரும் அவருடைய பாத்திரத்தின் மீதியை நடித்தார்கள். மாயக் கண்ணாடிக்குள் போனால் முகம் மாறும் என்று கதையே அதற்கு இடம் கொடுத்தது. இறந்தவர் செய்யாத நடிப்பு எதுவும் அவர் கணக்கில் ஏறவில்லை.

கணினி வழி கடினமானது. 1994இல் காலமான ஆங்கில நடிகர் பீட்டர் குஷிங்கின் முகம் கணினியில் உருவாகி 2016இல் ‘ரோக் வன்’ என்ற ஸ்டார் வோர்ஸ் படத்தில் திரைக்கு வந்தபோது, உடலும் அசைவும் கை ஹென்றி என்ற நடிகருடையவை. பழைய காட்சியில் வெளிச்சம் இடப்பக்கம், புதியதில் வலப்பக்கம் என்றால் முகம் ஒட்டவைத்ததுபோல் நிற்கும். பக்கவாட்டு முகம் போதிய அளவு பதிவாகியிராவிட்டால் தலை திரும்பும்போது தாடை உருக்குலையும். கண்ணும் உதடும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சம்மதம். குடும்பம் ஒப்புக்கொள்ளலாம், நடிகரைக் கேட்க முடியாதே! ஆகவே உயிரோடிருக்கும்போதே ஒப்பந்தத்தில் சட்டத்தரணியைக் கொண்டு எழுதுவிக்க வேண்டும்: எந்தக் காட்சிகள், எத்தனை நிமிடம், சிங்கள டப்பிங்குக்கும் குரலைப் பயன்படுத்தலாமா, விளம்பரத்துக்குத் தடை, அவர் முகத்தை ஸ்கேன் செய்த கோப்புகளை அழிக்கும் நாள். அப்படி எழுத்து இல்லையென்றால், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டாலும் புதிய வசனம் பேசவைக்காதீர்கள். உடலைத் தந்த நடிகரின் பெயரும் திரையில் வரவேண்டும்.