ஒரே சீட்டு என்று சொல்லி இரண்டு சீட்டுகளை விற்கிறார்கள்: ஊர் திரும்புவோர் கவனத்திற்கு

மெல்போர்னில் இருக்கும் என் தங்கை வீட்டில் இரண்டரை மாதம் தங்கிவிட்டு, 68 வயதான என் அம்மாவுடன் கிருஷ்ணகிரிக்குத் திரும்பி வரும் வழியில், கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஓர் இரவு முழுவதையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கழிக்க நேர்ந்தது. முதல் விமானம் 1 மணி 20 நிமிடம் தாமதமாகத் தரையிறங்கியது உண்மைதான். ஆனால் எங்களைத் தவிக்க வைத்தது அந்தத் தாமதம் அல்ல. எங்கள் ஊரில் சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர் மறைத்த ஒரு செய்தி.

மெல்போர்னிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு நிறுவனம், அங்கிருந்து பெங்களூருக்கு வேறொரு மலிவுக் கட்டண நிறுவனம். இரண்டும் தனித்தனிச் சீட்டுகள். முகவர் தன் கடையின் பெயர் அச்சிட்ட தாளில் இரண்டு பயணங்களையும் ஒரே அட்டவணையாகத் தட்டச்சு செய்து, மேலே ஒரு பி.என்.ஆர் எண்ணைப் பெரிதாகவும், இரண்டாவதைக் கீழே குறிப்புபோலச் சிறிய எழுத்திலும் போட்டிருந்தார். பெட்டிகளை எங்கே எடுக்க வேண்டும் என்று நான் தெளிவாகவே கேட்டேன். "ஒரே டிக்கெட்தாங்க, பெட்டி நேரா பெங்களூருக்கே வந்துடும், அம்மாவுக்கு வீல்சேரும் சொல்லிட்டேன்" என்றார். போகும்போது இரண்டு விமானங்களும் ஒரே நிறுவனத்துடையவை, பெட்டிகளும் மெல்போர்னில்தான் கைக்கு வந்தன என்பதால், திரும்பும்போதும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

கோலாலம்பூரில் இறங்கி, விமானம் மாறும் முகப்பில் கேட்டபோது, அங்கிருந்த பெண் என் போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டியிருந்த பெட்டிச் சீட்டைத் திருப்பிக் காட்டினார். அதில் பெங்களூரைக் குறிக்கும் பி.எல்.ஆர் என்ற எழுத்துகள் இல்லை. கோலாலம்பூரைக் குறிக்கும் கே.யூ.எல் மட்டுமே இருந்தது. அதாவது நாங்கள் குடியேற்றச் சோதனையைக் கடந்து மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, முதல் முனையத்திலிருந்து இரண்டாம் முனையத்துக்குப் போய், புதிதாகப் பயணம் தொடங்குபவர்களைப் போல மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் செல்ல முடிவதால் அந்த மட்டில் தப்பித்தோம். ஆனால் இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டிய வருகை அட்டையைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வரிசையை விட்டு விலகி நின்று, கைப்பேசியில் இருவருக்கும் அதை நிரப்பி முடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது.

அம்மாவின் சக்கர நாற்காலி உதவி முதல் நிறுவனத்தோடு முடிந்துவிட்டது. வெளிவாசலில் அவரை இறக்கிவிட்டு, உதவியாளர் பணிவோடு வணக்கம் சொல்லிப் போய்விட்டார். முழங்கால் வலியோடு அம்மா பெட்டி வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடந்தார். முனையங்களுக்கு இடையே ரயில் சில நிமிடங்களில் கொண்டு சேர்த்துவிடும். ரயில் வரை நடப்பதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. நாங்கள் முகப்பை அடைந்தபோது விமானம் புறப்பட 50 நிமிடங்கள் இருந்தன. புறப்படும் நேரத்துக்கு 60 நிமிடங்களுக்கு முன்பே முகப்பை மூடிவிடுவார்கள். முதல் விமானம் தாமதம் என்று சொன்னதற்கு, அது வேறு சீட்டு, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். அவர்கள் விதிப்படி அது சரியான பதில் என்பதால் அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை.

மறுநாள் காலை விமானத்துக்கு இருவருக்கும் சேர்த்து 31,000 ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புதிய சீட்டு வாங்கினேன். முதல் நிறுவனம் அனுமதித்த பெட்டி எடை இங்கே செல்லாது என்று அதற்கும் தனியே வசூலித்தார்கள். பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் எங்களுக்காக இரவே வந்து காத்திருந்த வாடகைக் காருக்குக் காத்திருப்புக் கட்டணமும் சேர்ந்தது. அங்கிருந்து கிருஷ்ணகிரி 100 கிலோமீட்டருக்கும் மேல். ஓசூர் தாண்டும்வரை அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீங்கிய கால்களை அவர் சேலையால் மூடி மறைத்துக்கொண்டதை நான் சூளகிரி அருகில்தான் கவனித்தேன்.

முகவர் தரும் அட்டவணைத் தாளை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். விமான நிறுவனத்தின் மின்சீட்டையே கேட்டு வாங்குங்கள். பயணம் முழுவதற்கும் ஆறு எழுத்துகள் கொண்ட ஒரே பி.என்.ஆர் இருக்கிறதா, பெங்களூர் வரையிலான பயணம் 13 இலக்கச் சீட்டு எண் உள்ள அதே சீட்டில் அடங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு சீட்டுகள் என்றால் விலை குறைவாக இருக்கலாம். வயதானவர்களைத் தனியே அனுப்புவதாக இருந்தால் அந்த மிச்சத்தை விட்டுவிடுங்கள். பெட்டியை ஒப்படைத்ததும் பெட்டிச் சீட்டில் இருக்கும் மூன்று எழுத்துகளை அங்கேயே நின்று படியுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.

முகவரிடம் நேரில் போய்க் கேட்டபோது, தாமதத்துக்கு நான் என்ன செய்ய முடியும் என்றார். இரண்டு சீட்டுகள் என்பதை ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் சொல்லவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம் என்பதால் அந்த மனுவையும் எழுதி முடித்திருக்கிறேன். முகவரின் அட்டவணைத் தாளும், கே.யூ.எல் என்று அச்சிட்ட அந்தப் பெட்டிச் சீட்டும் அதனுடன் இணைக்கப்பட்டுள்ளன.