முதல் ஏர் ரைஃபிள்: மலையில் வளரும் பிள்ளைக்கு ஒன்று, ஊரில் வளரும் பிள்ளைக்கு ஒன்று

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கு 15 வயது. ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவே வளரும் என் தங்கை மகளுக்கு 13 வயது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் சுடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து இருவருக்கும் துப்பாக்கி சுடுதலில் பிடிப்பு வந்துவிட்டது. போட்டிக்குரிய முதல் துப்பாக்கியாக எதை வாங்குவது என்று இரண்டு வீட்டாரும் என்னைக் கேட்டார்கள். ஒரே பதிலைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒவ்வொரு வகையையும் கையில் எடுத்துப் பார்த்த பிறகு, அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் கிளப்புக்குப் போக முடியும் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று தெரிந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் சேர்வராயன் மலையில் முதல் துப்பாக்கி என்றால் அது வேட்டைத் துப்பாக்கிதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதையை முடித்துவிட்டது. காட்டுப்பன்றி மிளகுக் கொடியின் வேரைத் தோண்டிப் போட்டாலும், காட்டெருமை வேலியை முறித்துக்கொண்டு தோட்டத்துக்குள் வந்து நின்றாலும், அதற்கு வழி காண வேண்டியது வனத்துறைதான். மைனாவையும் கொண்டைக்குருவியையும் ஏர்கன்னால் அடிப்பது விளையாட்டு என்று நினைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதுவும் வேட்டைதான், அதுவும் குற்றம்தான். ஆகவே இங்கே நான் ஒப்பிடுவது காகித இலக்கை 10 மீட்டரிலிருந்து சுடுவதற்கான ஏர் ரைஃபிள்களை மட்டுமே. தோட்டா போட்டுச் சுடும் பாய்ண்ட் 22 ரைஃபிளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்கு உரிமம் வேண்டும், ஆயுதச் சட்டப்படி சொந்தமாக வைத்துக்கொள்ள 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குழாயின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை.

அந்த 20 ஜூல் என்ற எண்ணை வைத்துத்தான் கடைகளில் வியாபாரம் நடக்கிறது. எவ்வளவு வேகம், எத்தனை மீட்டர் போகும், எதைத் துளைக்கும் என்றெல்லாம் சொல்லி விற்கிறார்கள். போட்டிக்கான ஏர் ரைஃபிளின் ஆற்றலோ ஏறத்தாழ 7.5 ஜூல்தான், பெல்லட் எனும் சிறு ஈயக் குண்டு விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. இலக்கின் நடுவில் இருக்கும் பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி. முழு இலக்கின் விட்டமே 45.5 மில்லிமீட்டர். அந்தப் புள்ளியைத் தொடுவதற்கு வேண்டியது ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் புறப்படும் பெல்லட்டும், புறப்படும் கணத்தில் அசையாத ரைஃபிளும்தான். காகிதத்தில் துளை போட 7.5 ஜூல் தாராளம். இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மூன்று வகைகளையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, குழாயை மடித்து ஏற்றும் ஸ்பிரிங் ரைஃபிள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவின்போது பலூன் சுடும் கடையில் நாம் எல்லோரும் பிடித்துப் பார்த்தது இதைத்தான். விலை குறைவு, சில ஆயிரங்களிலிருந்து கிடைக்கிறது. காற்று நிரப்பும் வேலை இல்லை. பழுதானால் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்த நன்மைகளை நம்பி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அண்ணன் மகனுக்கு நானே ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் வேகத்தை உயர்த்திச் சொன்னார். நானும் வேகம் கூடுதலாக இருப்பதையே எடுத்தேன். அதன் விளைவை ஆறு மாதம் கழித்துத்தான் கண்டேன். டிரிகரை அழுத்தியதும் உள்ளே இருக்கும் பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. அப்போது ரைஃபிள் முதலில் பின்னோக்கியும் பிறகு முன்னோக்கியும் உதறுகிறது. பெல்லட் குழாயை விட்டு வெளியேறுவதற்கு முன்பே இந்த உதறல் தொடங்கிவிடுகிறது. அதனால் கையின் பிடி ஒரு சிறிதளவு மாறினாலும் அடி வேறு இடத்தில் விழுகிறது. பெரியவர்கள் பிடியைத் தளர்த்தி அதைச் சமாளிப்பார்கள். பையனோ உதறலை எதிர்பார்த்து, சுடும் கணத்தில் கண்ணை மூடவும் தோளை இறுக்கவும் கற்றுக்கொண்டான். அந்தப் பழக்கத்தைப் போக்க அவனுடைய பயிற்சியாளர் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: முதல் ரைஃபிளால் வரும் பழக்கம், அந்த ரைஃபிளை விற்ற பிறகும் பிள்ளையின் உடம்பில் தங்கியிருக்கும்.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. ஒவ்வொரு முறையும் குழாயை மடிக்க, சிறு பிள்ளைக்குப் பெரிதான பலம் வேண்டும். போட்டியில் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். பயிற்சியில் அதையே செய்தால், பாதியிலேயே கை நடுங்கத் தொடங்கும். பெல்லட் இல்லாமல் சுட்டுப் பழகவும் இதில் முடியாது. பிஸ்டன் வெறுமனே போய் மோதி, காற்றுக் கசியாமல் அடைக்கும் சீல் கெட்டுவிடும். ஓபன் சைட் (துளை வைக்காத சாதாரணக் குறிபார்ப்பு) பிரிவில் சில மாதம் சுட்டுப் பார்த்து, ஆர்வம் நிலைக்கிறதா என்று அறிய விரும்பும் வீட்டுக்கு மட்டும் இது பொருந்தும். அப்போதும் வேகம் குறைந்ததாக, மடிப்பதற்கு இலகுவாக இருப்பதை எடுங்கள்.

ஸ்பிரிங் வகையிலேயே உதறலை விழுங்கும் அமைப்பும் உண்டு. ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் என்ற பழைய ஜெர்மன் ரைஃபிளில் சுடும்போது இயந்திரப் பகுதி முழுவதும், தோளில் தாங்கும் கட்டைக்குள் பின்னோக்கி வழுக்கிச் செல்லும். கன்னத்துக்கும் தோளுக்கும் அதிர்ச்சி வராது. அருமையான பொருள், ஆனால் பெரியவர் உடம்புக்குச் செய்த கனம்.

இரண்டாவது வகையில் பக்கத்தில் உள்ள நெம்புகோலை ஒரே முறை இழுத்து மூடினால், அந்த ஒரு சுடலுக்கான காற்று உள்ளே அடைபடுகிறது. உதறல் கிட்டத்தட்ட இல்லை; சிலிண்டரோ பம்ப்போ வேண்டாம்; எவ்வளவு காற்று அடைபட வேண்டும் என்பதை நெம்புகோலே தீர்மானிப்பதால் வேகமும் மாறாது. ஏற்காட்டுக்கு இதுதான் என்று நான் பல நாள் உறுதியாக இருந்தேன். கடைசியில் மனத்தை மாற்றியது என் தங்கை மகளின் கைதான். மூடும்போது நெம்புகோல் கடைசி வளைவில் மிகவும் இறுகுகிறது. 36 கிலோ எடையுள்ள பெண் பத்தாவது முறைக்குள் உடம்பை முழுதாகத் திருப்பி அழுத்தினாள். நின்ற நிலை ஒவ்வொரு முறையும் கலைந்தது. மேலும் இவ்வகையில் நல்லவை பெரும்பாலும் பழையவையாக, கைமாறியவையாகத்தான் கிடைக்கின்றன. சீல் போனால் மாற்றுப் பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இன்றைய போட்டிகளில் அனைவரும் பிடிக்கும் பி.சி.பி.; அதாவது, ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்த சிலிண்டர் குழாயின் அடியில் பொருத்தப்பட்ட ரைஃபிள். ஏற்றுவதற்கு விரலால் ஒரு சிறு நெம்புகோலைத் திறந்து மூடினால் போதும். உதறலும் இல்லை. இவற்றையெல்லாம் விட நான் மதிப்பது இன்னொன்றை: போட்டிக்கெனச் செய்த பி.சி.பி. ரைஃபிள்களில் காற்றையும் பெல்லட்டையும் செலவழிக்காமல் டிரிகரை மட்டும் இயக்கிப் பழகும் வசதி இருக்கிறது. நிற்பது, மூச்சை நிறுத்துவது, விசையை அழுத்துவது, அழுத்திய பிறகும் ஒரு கணம் சைட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது ஆகியவற்றை வெள்ளைச் சுவரைப் பார்த்தே நாள்தோறும் அரை மணி நேரம் பழகலாம். பிள்ளை முன்னேறுவது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில்தான்.

இதன் சிக்கல் காற்றுதான். சேலத்தில் கிளப்பில் கம்ப்ரஸர் இருந்தால் சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம். மலையில் அது கிடையாது. கை பம்ப்பால் 200 பார் ஏற்றுவது பெரியவருக்கே வியர்க்கும் வேலை. இடையிடையே பம்ப் சூடு ஆற விட வேண்டும். ஏற்காட்டின் பனிமூட்டத்தில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. ஈரக் காற்றை அழுத்தினால் அதிலுள்ள நீர் பிரிந்து சிலிண்டருக்குள் தங்கும், உள்ளிருந்து அரிக்கும். ஈரத்தை வடிக்கும் ஃபில்டர் உள்ள பம்ப்பை மட்டும் பயன்படுத்துங்கள். மூட்டம் இறங்கியிருக்கும் வேளையில் நிரப்பாதீர்கள். கீழே சேலத்தில் கவனிக்க வேண்டியது வெயில்: நிரப்பிய சிலிண்டரைச் சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது, சூட்டில் அழுத்தம் ஏறும்.

இயந்திரம் எதுவானாலும், கட்டையின் அளவு பொருந்தாவிட்டால் எல்லாம் வீண் என்பதே என் உறுதியான எண்ணம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்குச் சர்வதேச விதி அனுமதிக்கும் உச்ச எடை 5.5 கிலோ. அது உச்சமே தவிர, கட்டாயம் அல்ல. வளரும் பிள்ளை இடுப்பை முன்தள்ளி, முதுகை வளைத்து, ஒரு பக்கமாக அந்த எடையை ஒரு மணி நேரம் தாங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. 13 வயதுக்கு 4 கிலோவை ஒட்டிய ரைஃபிளே போதுமானது. எடையைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கட்டையின் நீளத்தையும், கன்னம் படியும் பலகையின் உயரத்தையும், தோள் தட்டையும் மாற்ற முடிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறந்ததும், குறிபார்க்கும் பீப் சைட்டின் துளை நேராகக் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும். தலையை நீட்டியோ சாய்த்தோ தேட வேண்டியிருந்தால் அந்தக் கட்டை அந்தப் பிள்ளைக்கு உரியது அல்ல. ஹேமர்லி ஏ.ஆர். 20 போன்ற தொடக்கநிலை பி.சி.பி.கள் இந்த மாற்றங்களை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. நம் நாட்டில் பிரிசிஹோல் நிறுவனமும் பி.சி.பி. செய்கிறது. லட்சங்களில் விலை போகும் உயர்தர ஃபைன்வெர்க்பாவும் வால்தரும் முதல் ஆண்டில் எந்தப் பிள்ளைக்கும் தேவையில்லை.

வாங்கும் முன் எந்தக் கண் ஆளும் கண், அதாவது குறிபார்ப்பதில் முந்தும் கண், என்று பாருங்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்துப் பொருளைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் செய்தால் தெரிந்துவிடும். எங்கள் பெண் வலக்கைப் பழக்கம், ஆளும் கண்ணோ இடது. வலக்கைக்கு மட்டும் செதுக்கிய பிடியுள்ள கட்டையை வாங்கியிருந்தால் அந்தப் பணம் முழுவதும் போயிருக்கும். இரு கைக்கும் ஏற்ற கட்டை என்பதை அன்றே எழுதி வைத்துக்கொண்டேன்.

கைமாறிய பி.சி.பி. வாங்குவோர் முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் அதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டு ஆயுள் வைத்திருக்கிறார்கள். காலம் கடந்த சிலிண்டரைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள், நிரப்புவதும் ஆபத்து. புதுச் சிலிண்டரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவாகத் தெரிந்த ரைஃபிள் மலிவாக இராது.

முடிவில், கிளப்புக்கு அருகில் இருக்கும் அண்ணன் மகனுக்கு இப்போது ரைஃபிளே வேண்டாம் என்றேன். தினமும் மாலையில் போய்க் கிளப்பின் பி.சி.பி.யில் சுடட்டும், ஓராண்டில் உயரம் இன்னும் கூடும், அதன் பிறகு அளவு பார்ப்போம். அந்தப் பணத்தில் முதலில் சுடுவதற்கான கேன்வாஸ் ஜாக்கெட்டும் தட்டையான அடியுள்ள காலணியும் வாங்கச் சொன்னேன். வயதில் இளையவளும் ஞாயிறு ஒரு நாள் மட்டுமே இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வரக்கூடியவளுமான தங்கை மகளுக்குத்தான் சொந்த ரைஃபிள் முதலில் தேவை. அவளுக்கு எடை குறைந்த தொடக்கநிலை பி.சி.பி. வாங்கினோம். ஞாயிறன்று சேலத்தில் நிரப்பும் காற்று அடுத்த ஞாயிறு வரை போதுகிறது, ஏனெனில் வாரநாட்களில் அவள் பழகுவது பெரும்பாலும் வெறும் டிரிகர்தான்.

ரைஃபிள் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. சாவி என் தங்கையிடம். பெல்லட் ஈயம் என்பதால், பழகி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டுக்கு உட்காரக் கூடாது என்பது அந்த வீட்டு விதி. பனி அதிகமான நாட்களில் உறையிலிருந்து எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பதை அவளே செய்கிறாள்.