அரகோனைட் மணல் மூட்டை: ராமநாதபுரம் கரையோரத் தொட்டிக்கு வேண்டுமா?

கடல் மீன் தொட்டி வைக்கக் கிளம்புபவர் கடையில் முதலில் தூக்குவது பெரும்பாலும் 9 கிலோ அரகோனைட் (சுண்ணாம்புக் கனிமம்) மணல் மூட்டையைத்தான். கரிப்சீ போன்ற வெளிநாட்டு மூட்டையிலிருந்து பெயரே இல்லாத வெள்ளை மணல் வரை பல தரம் கிடைக்கிறது. நல்ல மூட்டையின் மணலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை வீடுகளில் கோமாளி மீன், டாம்செல் போன்ற சிறு பவளப்பாறை மீன்கள் வளர்ப்பவருக்கு அது தேவையே இல்லை. மணலில் வாழும் மீனுக்காக மட்டும் வாங்க வேண்டிய பொருள் அது.

நீரின் பி.எச். (அமில-கார அளவு) நிலையாக இருக்கும் என்று சொல்லித்தான் கடையில் விற்கிறார்கள். அரகோனைட் கால்சியம் கார்பனேட்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொட்டி நீரின் பி.எச். 8.1, 8.2 என்று இருக்கும்போது அது கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். கரையும் அளவுக்கு பி.எச். இறங்கினால் அதற்குள் மீனுக்கே ஆபத்து வந்திருக்கும். பி.எச்.ஐத் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மையை நீர் மாற்றித்தான் காக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் குறையும் என்பது இன்னொரு வாக்குறுதி. அதற்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் நுண்மணல் வேண்டும், அதைக் கிளறவும் கூடாது. ஒன்றிரண்டு மூட்டையில் அது நடக்காது.

கணக்கைப் பாருங்கள். 90 × 45 × 45 செ.மீ. தொட்டியில் 3 செ.மீ. பரப்ப சுமார் 12 லிட்டர் மணல், அதாவது ஏறக்குறைய 18 கிலோ, 2 மூட்டை பிடிக்கும். உலர் மணலைப் பால்போல் வரும் தூள் நீங்கும்வரை அலச வேண்டும். குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊரில் அதற்கு நல்ல தண்ணீரைக் கொட்டாதீர்கள். துணியில் வடிகட்டிய கடல்நீரே போதும். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவோடு ஈரமாக வரும் 'லைவ்' மணலை அலசக் கூடாது, காலாவதித் தேதியை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பெயரில்லாத மூட்டை என்றால் ஒரு கரண்டி மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் கார்பனேட். சும்மா கிடந்தால் சிலிக்கா மணல். அரகோனைட் விலை கொடுக்காதீர்கள்.

இந்தக் கரையில் மணலுக்கு எதிரான பெரிய காரணம் வெக்கை. உப்பளவு 35 (ஆயிரத்தில் 35 பங்கு) உள்ள கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் பிடிக்கும். 31 டிகிரியில் 6.1தான். மணலுக்குள் தங்கும் மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகும்போது அந்த ஆக்சிஜனையே தின்கின்றன. பகலில் பம்ப் ஓடும்வரை தெரியாது. சித்திரை இரவில் மின்சாரம் போய் நீரோட்டம் நின்றதும் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். மணல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். அழுக்கு சேர்ந்த மணல் இருந்தால் அவகாசம் இன்னும் குறைவு.

மணல் போடாத தொட்டியில் கழிவு கண்ணுக்குத் தெரியும், வாரம் ஒருமுறை குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். நீரோட்டத்தையும் கூட்டலாம்: மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் 25 மடங்கு, இந்த அளவுக்கு மணிக்கு 4,500 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்). நுண்மணல் இருந்தால் அந்த வேகத்தில் மூலையில் குவிந்து நடுவில் கண்ணாடி தெரியும்.

ஆனால் சில வேலைகள் உண்டு. தொட்டியை நிறுத்தும் முன்பே அடிக்கண்ணாடியின் வெளிப்பக்கம் நீல அல்லது கறுப்பு வினைல் ஒட்டுங்கள். இல்லையென்றால் பிரதிபலிப்பைப் பார்த்து மீன் மிரளும். பாறை மூன்று இடத்தில் மட்டும் தரையைத் தொடட்டும், அங்கே 3 மி.மீ. அக்ரிலிக் துண்டு வையுங்கள், மேல் பாறையை எப்பாக்ஸி பசையால் இறுக்குங்கள். அடியில் நீர் புகுந்து வரும் இடைவெளி வேண்டும். பாக்டீரியாவுக்கு இடம் தருவது இப்போது பாறை மட்டுமே, ஆகவே சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) பாக்டீரியா தங்கும் நுண்துளைப் பீங்கான் மீடியா சேர்த்து, மீன் எண்ணிக்கையை மெதுவாக ஏற்றுங்கள்.

இனி யார் வாங்க வேண்டும்? ஹாலிகோயரஸ் வகை ராஸ் மீன் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும். அதற்கு 5 செ.மீ.யாவது வேண்டும். வளை தோண்டும் கோபி, அதோடு குடியிருக்கும் பிஸ்டல் இறால், மணலில் குழி தோண்டி வாழும் ஜாஃபிஷ் மீன் ஆகியவற்றை வெறும் கண்ணாடியில் விடுவது கொடுமை. இவற்றுக்கு மூட்டை முழு விலைக்கும் தகும். 1 முதல் 2 மி.மீ. பருமன் பராமரிக்க எளிது. ராஸுக்கு அதைவிட நுண்ணியது நல்லது. முதலில் பாறையைக் கண்ணாடிமேல் உட்கார வைத்து, பிறகு சுற்றிலும் மணலைப் பரப்புங்கள். மணல்மேல் பாறை வைத்தால் கோபி அடியில் தோண்டும்போது சரியும். சுத்தம் செய்யும்போது ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிளறாதீர்கள். கறுத்த திட்டும் அழுகிய முட்டை நாற்றமும் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு; அந்த இடத்தைக் கிளறாமல், குழாயால் சிறிது சிறிதாக உறிஞ்சி வெளியேற்றுங்கள்.

கடல் வாசலிலேயே இருக்கிறதே, ஒரு சாக்கு அள்ளினால் என்ன என்று கேட்பார்கள். நம் கரை மணலில் குவார்ட்சும் கறுப்பு இரும்புக் கனிமத் துகளும் கலந்திருக்கும்; காந்தத்தை ஓட்டினாலே ஒட்டும். படகு டீசலும் செத்த சிப்பிகளும் வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே மணலைத் தொடவே கூடாது. கடற்பாறைத் துண்டாக ஒதுங்கிய செத்த பவளத்தையும் எடுக்கக் கூடாது. கல் பவளம் முழுவதும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது.

நீர் எடுப்பதில் கரைக்காரர்களுக்கு வசதி அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கவனம்: கரையோர நீர் கலங்கி உப்பளவும் இறங்கும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 காட்டாத நீரை எடுக்காதீர்கள். டிரம்மில் மூடி 3 நாள் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் இறைத்தாலும் கொஞ்சம் சேறு வரும். மணல் தொட்டியில் அது உள்ளே இறங்கித் தங்கிவிடும். வெறும் கண்ணாடியில் மறுநாளே குழாய் வைத்து எடுத்துவிடலாம்.