எஸ்.டி.எஸ்., அகாடமி ஃபெல்லோஷிப், காசு கட்டும் இன்டர்ன்ஷிப்: ராமநாதபுரம் கரையிலிருந்து பார்த்தால்

லீவுக்கு இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்ய நினைக்கும் எம்.பி.பி.எஸ். மாணவருக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் எஸ்.டி.எஸ். (குறுகிய கால மாணவர் ஆய்வு உதவித்தொகை) திட்டம்தான் முதல் தேர்வு. பி.எஸ்சி. மாணவருக்கு மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடை ஃபெல்லோஷிப். காசு கட்டிச் சேரும் ‘பயோமெடிக்கல் இன்டர்ன்ஷிப்’ பெரும்பாலும் வேண்டாம். தீர்ப்பு மட்டும் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு மீதி.

எஸ்.டி.எஸ். 1979-இல் தொடங்கியது. இரண்டு மாத ஆய்வு. மாதம் 25,000 என்று மொத்தம் 50,000 ரூபாய் உதவித்தொகை. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு மட்டும், இன்டர்ன்களும் பி.ஜி. மாணவர்களும் சேர முடியாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் ஆய்வு முடிந்து, அறிக்கை போய், அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் கணக்கில் ஏறும். அறிக்கை தேறவில்லையென்றால் சான்றிதழும் இல்லை, பணமும் இல்லை. பஸ், ஜெராக்ஸ், ரத்தக் குழாய், டெஸ்ட் கிட் எல்லாம் அதுவரை கைக்காசு. ஆகவே பட்ஜெட்டை முதலில் எழுதுங்கள், தலைப்பை அப்புறம் எழுதுங்கள். ஒரு ஆளுக்கு 150 ரூபாய் ஆகும் டெஸ்ட் என்றால் 200 பேருக்கு 30,000. சில கல்லூரிகளில் ஆஸ்பத்திரி லேபிலேயே ஓட்டிக்கொள்ள விடுவார்கள். விடுவார்களா என்று விண்ணப்பத்துக்கு முன்பே, எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

வழிகாட்டி கிடைப்பதுதான் அடுத்த முட்டுக்கட்டை. ஒரு பேராசிரியர் ஒரு மாணவரை மட்டுமே எடுக்க முடியும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்த 11 புதிய கல்லூரிகளில் ஒன்று. ஆண்டுக்கு 100 மாணவர்கள். பேராசிரியர்களின் எண்ணிக்கையை அதோடு வைத்துப் பார்த்தால் போட்டி புரியும். அறிவிப்பு வந்த பிறகு அறைக் கதவைத் தட்டினால் ‘போன வாரமே ஒருத்தனுக்கு சரின்னுட்டேனே தம்பி’ என்ற பதில்தான் வரும். இன்னொன்று, அரசு டாக்டர்களுக்கு இடமாறுதல் உண்டு. வழிகாட்டி நடுவில் மாறினால் கையெழுத்துக்கே அலைய வேண்டியிருக்கும். இந்த வருடம் இங்கேதான் இருப்பீர்களா என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை.

பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுவது தலைப்பில். ‘மாணவர்களிடையே செல்போன் பயன்பாடும் தூக்கமும்’ மாதிரியான தலைப்புகள் நாடு முழுக்கக் குவியும். இந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு அதை எழுதுவது, கடலோரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு கருவாட்டை விலைக்கு வாங்குவது போல. இங்கே கேள்விக்கா பஞ்சம்? கடலில் பாசி எடுக்கும் பெண்களின் கை, கண், மூட்டு. திருக்கை முள் குத்தியவர்கள் ஆஸ்பத்திரிக்கு வர எத்தனை மணி நேரம் ஆகிறது, அதற்குள் காயத்தில் என்ன தடவுகிறார்கள். கடல் பாம்புக் கடி: இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான், கடல் பாம்புக்கு வேலை செய்யாது. இது படகுக்காரர்களுக்குத் தெரியுமா? ராமேஸ்வரம் தீவில் சவுக்குத் தோப்பிலும் தென்னந்தோப்பிலும் தண்ணீருக்குத் தோண்டும் மணற்குழிகளில் மலேரியா கொசுப்புழு. இப்படி ஒவ்வொன்றும் ஒரு எஸ்.டி.எஸ்.

உப்புத் தண்ணீரும் ரத்த அழுத்தமும் என்ற தலைப்பை எடுக்க எல்லோருக்கும் ஆசை. அதில் ஒரு பொறி இருக்கிறது. ‘எந்தத் தண்ணி குடிக்கிறீங்க’ என்று ஒரே கேள்வியில் முடித்தால் ஆய்வு அங்கேயே காலி. ஒரே வீட்டில் குடிக்கக் கேன் தண்ணீர், சோறு வடிக்கக் காவிரிக் குழாய்த் தண்ணீர், குழாய் வராத நாளில் ஊற்றுத் தண்ணீர் என்று மூன்று ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கேள்வி, தனித்தனி டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின்) அளவு வேண்டும். உப்புக் கருவாடு வாரத்தில் எத்தனை நாள் என்பதும் வேண்டும். அதை விட்டுவிட்டால் தண்ணீர் மேல் போடும் பழி கருவாட்டுடையதாக இருக்கலாம்.

எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கில் பேராசை கூடாது. 30 சதவீதம் பேருக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கும் ஒரு பிரச்சினையை 5 சதவீதப் புள்ளி முன்பின் துல்லியத்தில் அளக்க 4 × 30 × 70 ÷ 25 = 336 பேர் (70 என்பது மீதிச் சதவீதம், 25 என்பது 5 × 5). பத்தில் ஒருவர் மறுப்பார் என்று சேர்த்தால் 374. ஒரு நாளைக்கு 8 பேரைப் பார்த்தால் 47 நாள் களத்திலேயே போய்விடும். அலசவும் எழுதவும் இரண்டு வாரம்கூட மிஞ்சாது. துல்லியத்தை 7 புள்ளியாகத் தளர்த்துங்கள்: 172 பேர், மறுப்போடு 192, 24 நாள். இதுதான் இரண்டு மாதத்தில் முடிகிற ஆய்வு. எட்டுப் பேர் என்பதும் வெயில் தாழ்ந்த பிறகு, ஆளுக்கு 25 நிமிடம் என்று வைத்தால்தான்.

நாள்காட்டியைக் கரையிடம் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுத் தொழிலாளிகள் வீட்டில் இருப்பார்கள். வலை பின்னிக்கொண்டோ படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டோ நிதானமாகப் பதில் சொல்வார்கள். பிரஷர், சர்க்கரை, கண் பரிசோதனைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் தடை முடிந்த அன்று மொத்த மாதிரியும் கடலுக்குப் போய்விடும். ஐ.சி.எம்.ஆரின் அறிவிப்புத் தேதியோ ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. ஆய்வுக்காலம் தடைக்குப் பிறகு விழுந்தால், பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறையை வைத்து நேர்காணல் நாளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். காயம் பற்றிய ஆய்வு என்றால் நேர்மாறு: தடைக்காலத்தில் புதுக்காயமே இருக்காது, பழைய ஞாபகத்தைத்தான் எழுதுவீர்கள்.

பாசி எடுக்கும் பெண்களுக்குக் கணக்கு நிலவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்களில் அவர்கள் தீவுப் பக்கம் போய்விடுவார்கள். அந்த நாளில் தெருவில் போய் நின்றால் பேரப்பிள்ளைகள்தான் இருப்பார்கள். நடுநாட்களில் போக வேண்டும். கையைப் பார்ப்பதற்கு முன் கையில் என்ன சுற்றுகிறார்கள் என்று பாருங்கள்: விரல் விரலாகத் துணிக்கீற்று, ஈரத்தில் ஊறி இறுகியது. வெட்டுக்காயம் எது, ஈரத்துணி அரித்தது எது என்று பிரித்து எழுதாவிட்டால் அறிக்கையில் எல்லாம் ‘தோல் அழற்சி’ என்று ஒரே மூட்டையாகிவிடும். கேள்வியும் அப்படித்தான். ‘டெர்மடைட்டிஸ் உண்டா’ என்று கேட்டால் தலையைத்தான் ஆட்டுவார்கள். ‘கையில அரிப்பு, வெடிப்பு இருக்காக்கா? உப்புத்தண்ணி பட்டா எரியுதா? எத்தன நாளா?’ என்று கேளுங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும்; வாசித்தும் காட்ட வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் நடுநிலையான சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். பாசி வாங்கும் ஏஜெண்டோ படகு முதலாளியோ அந்தச் சாட்சி ஆகக்கூடாது. அவர் நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல எந்த அக்காவுக்கு வாய் வரும்? 7 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களிடம் பெற்றோர் ஒப்புதலோடு அவர்களுடைய சம்மதமும் வாங்க வேண்டும். 12 வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளில் இதெல்லாம் இருக்கிறது, ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள்.

நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் முதல் நேர்காணல்கூட எடுக்கக் கூடாது. முன்தேதியிட்ட ஒப்புதல் என்று ஒன்று கிடையாது. குழு அடிக்கடி கூடாது. கூடினாலும் ‘படிவத்தைத் திருத்திக் கொண்டு வா’ என்று ஒரு சுற்று திருப்பி அனுப்பும். ஆகவே இரண்டு மாதம் கையிருப்பு வைத்துச் சமர்ப்பிக்க வேண்டும். குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், புதிய கல்லூரிகளில் முக்கியமாக.

அளவீட்டில் தவறுவது இரண்டு இடம். பிரஷர்: ஐந்து நிமிடம் உட்கார வைத்து, டீயோ பீடியோ குடித்து அரை மணி ஆகியிருந்து, முதுகு சாய்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு. துடுப்புப் போட்டுத் திரண்ட கைக்குப் பிரஷர் கருவியின் சாதாரணப் பட்டை சின்னதாக இருக்கும். சின்னப் பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும். பெரிய பட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

ரத்தம்: ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். எடுத்த ரத்தக் குழாயை நிமிர்ந்த நிலையில் அரை மணி உறைய விட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். முப்பது பேரிடம் எடுத்து முடித்துவிட்டு பஸ் ஏறினால் முதல் குழாய் ஏற்கெனவே கெட்டிருக்கும். சாதாரணக் குழாயில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதனால் சர்க்கரைக்கு ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய். பயந்துபோய் பிரிக்காத ரத்தத்தை ஐஸில் புதைத்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். பத்துப் பேருக்கு ஒரு தவணை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சென்ட்ரிஃபியூஜ், பிரித்த சீரம் மட்டும் குளிர்பெட்டியில். இதற்கு ஏற்பாடு செய்ய முடியாதென்றால் ரத்தமே வேண்டாம், விரல் நுனிச் சோதனையோடு நிறுத்துங்கள்.

பி.எஸ்சி., பி.டெக். மாணவர்களுக்கு வருவோம். பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியின் இன்சா, பிரயாக்ராஜின் நாசி ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் ஃபெல்லோஷிப் இரண்டு மாதம். உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. விண்ணப்பம் முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். மே மாதம் ஞாபகம் வந்தால் அடுத்த வருடம்தான். பரிந்துரைக் கடிதம் கொடுக்கும் ஆசிரியர் கடைசி நாளில் மறந்துவிடுவதுதான் விண்ணப்பம் கெடுவதற்குப் பெரிய காரணம். வாரம் ஒருமுறை நினைவூட்டுங்கள், கோபிக்க மாட்டார்கள். எல்லோரும் குறிவைக்கும் பெங்களூரு லேப்களையே வரிசையாகப் போடாமல், சின்ன நிறுவனங்களில் இருக்கும் வழிகாட்டிகளையும் சேருங்கள். அங்கே பிப்பெட் உங்கள் கைக்கு வரும்.

வீட்டை விட்டுத் தூரம் போக முடியாதவர்களுக்கு மண்டபம் இருக்கிறது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் (சி.எம்.எஃப்.ஆர்.ஐ.) பல ஆண்டுகள் மண்டபம் கேம்ப்பில்தான் இருந்தது. தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போனாலும் வட்டார மையம் இங்கே உண்டு. மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் (சி.எஸ்.எம்.சி.ஆர்.ஐ.) கடற்பாசி நிலையமும் மண்டபத்தில்தான். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. இவை மருத்துவ ஆய்வகங்கள் இல்லை; ஆனால் பாசிச் சத்து, மீன் நோய்க் கிருமி என்று உயிரியல் வேலை கற்க நல்ல இடம். வாட்ஸப்பில் ‘சார், இன்டர்ன்ஷிப் இருக்கா’ என்று கேட்காமல், துறைத்தலைவர் கடிதத்தோடு ஜனவரியிலேயே எழுதுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடல் அட்டை 2001-லிருந்து வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. பவளமும் கடல் குதிரையும் அப்படியே. ‘கொஞ்சூண்டுதானே, ஆய்வுக்குத்தானே’ என்று யாராவது காய்ந்த அட்டை ஒன்றைக் கொடுத்தாலும் தொடாதீர்கள், வழக்கு உங்கள் பேரில்தான் வரும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. மிதவையில் வளர்த்த கப்பாஃபைகஸ் பாசியோ, ஏலக்கூடத்தில் ஒதுக்கும் சங்காயமோ (விலை போகாத கழிவு மீன்) போதும்.

பாசிச் சாறு கிருமியைக் கொல்கிறதா என்று, சாற்றில் நனைத்த சின்ன வட்டத்தாளைக் கிருமி தடவிய தட்டில் வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டம் விழுகிறதா என்று பார்க்கும் டிஸ்க் சோதனைதான் இந்தக் கரை மாணவர்களின் பொங்கல் கரும்பு, எல்லார் கையிலும் இருக்கும். அதையும் ஒழுங்காகச் செய்யலாம். பாசியை முதலில் கடல்நீரில், பிறகு நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காய வையுங்கள். ரோட்டோரம் காய்ந்த சரக்கில் மணலும் மாட்டுச் சாணமும் சேர்ந்தே வரும். கிருமி வளர்க்கும் முல்லர் ஹிண்டன் அகார் 4 மில்லிமீட்டர் தடிமன், கிருமிக் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலின் அடர்த்தி அளவு), 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். கரைப்பான் மட்டும் நனைத்த வெறும் டிஸ்க் ஒன்று கட்டாயம். அதற்கே வட்டம் விழுந்தால் உங்கள் பாசிக்குப் பெருமை இல்லை. உப்பு போகாத சாறும் வட்டம் காட்டி ஏமாற்றும்.

காசு கட்டும் இன்டர்ன்ஷிப்புகள்: பதினைந்து நாள், ஒரு மாதம், ‘பி.சி.ஆர்., செல் கல்ச்சர், பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எல்லாம் உண்டு’ என்று போஸ்டர். மூன்றையும் பதினைந்து நாளில் யாரும் கற்றுக்கொடுக்க முடியாது. கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். வழிகாட்டியின் பெயர் என்ன? ஒரு மேசைக்கு எத்தனை பேர்? ஜெல்லை நான் ஓட்டுவேனா, ஊழியர் ஓட்டிக் காட்டுவாரா? என் லேப் நோட்டு என்னிடமே இருக்குமா? முதல் கேள்விக்கே ‘சேர்ந்ததும் சொல்கிறோம்’ என்றால் போனை வைத்துவிடுங்கள். பி.சி.ஆர். ஒன்றை மட்டும், ஐந்து பேர் குழுவில், ப்ரைமர் கரைப்பதிலிருந்து சொல்லித்தரும் இடம் இருந்தால் காசு கொடுத்துப் போகலாம். அது அபூர்வம்.

எஸ்.டி.எஸ். அறிக்கைக்கு ஒரு கடைசிக் குறிப்பு. ஒப்புதல் படிவங்களை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள், அசல் வழிகாட்டியின் அலமாரியில் இருக்கட்டும். தரவை அன்றன்றே எக்செலில் ஏற்றுங்கள். கடைசி வாரம் ஏற்றலாம் என்று வைத்தால், உப்புக் காற்றில் நமுத்த தாளில் 1-ஆ 7-ஆ என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிவரும்.