வெள்ளவத்தையில் கட்டுவித்த ஆதர் லீயின் வரலாறு

பதிப்புரிமைக் காலம் கடந்த நூல்களின் பி.டி.எஃப் கோப்பைக் கொடுத்தால் அச்சிட்டுப் புத்தகமாகக் கட்டித் தரும் கடைகள் வெள்ளவத்தைக் காலி வீதியில் சில உள்ளன. அவற்றுள் ஒன்றில், அமெரிக்கப் புரட்சிக்கால இராஜதந்திரியும் பின்னாளில் வேர்ஜீனியா மாநிலச் சட்டசபை உறுப்பினருமான ஆதர் லீயின் (1740–1792) வாழ்க்கை வரலாற்றை இரு பாகங்களும் ஒரே கட்டாக வரும்படி கொடுத்தேன். அவருடைய தமையனாரின் பேரன் எழுதி, 1829இல் பொஸ்டனில் வெளியான நூல் அது.

அச்சில் குறை சொல்ல இடமில்லை. பழைய தாளின் பழுப்புக் கறையை நீக்கி எழுத்தை மட்டும் கறுப்பாக நிறுத்தியிருந்தார்கள்; நான் கேட்காமலே செய்த வேலை அது. கட்டுத்தான் சறுக்கியது. உட்புறம் போதிய ஓரம் விடாததால், இடப்பக்க வரிகளின் கடைசி எழுத்துகளும் வலப்பக்க வரிகளின் முதல் எழுத்துகளும் முதுகுக்குள் போய்விட்டன. கதைபோல ஓடும் நூலென்றால் ஊகித்துப் படித்துவிடலாம். இதிலோ பெரும்பகுதி கடிதங்களும் ஆவணங்களும்தான்.

எடின்பரோவில் மருத்துவமும் லண்டனில் சட்டமும் கற்ற லீ, 1776இல் பென்ஜமின் பிராங்ளினுடனும் சைலஸ் டீனுடனும் பிரான்சுக்கான ஆணையாளராக நியமிக்கப்பட்டார். 1777இல் உதவி தேடி பேர்லினுக்குப் போனபோது, பிரித்தானியத் தூதரின் தூண்டுதலால் அவருடைய தாள்கள் விடுதி அறையிலிருந்து களவாடப்பட்டுப் பிரதி எடுக்கப்பட்டன. (பிரதி எடுக்கும் கடைக்கு விமர்சனம் எழுதுகையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) 1778 பெப்ரவரி 6ஆம் திகதி பிரான்சுடனான உடன்படிக்கையில் மூவரும் கையொப்பமிட்டார்கள், அதற்கு முன்பே லீக்கும் டீனுக்கும் முறுகியிருந்தது. டீன் பொதுப் பணத்தைக் கையாடினார் என்பது லீயின் குற்றச்சாட்டு.

இந்த வழக்கில் நூலாசிரியர் முழுக்கத் தன் குடும்பத்தின் பக்கமே நிற்கிறார். டீனின் பக்கம் நின்ற பிராங்ளினின் நியாயத்தை இங்கே தேட வேண்டாம். ஆனால் தம் குழுவோடு நெருங்கிப் பழகிய எட்வேர்ட் பான்குரொப்ட் மீது லீ கொண்ட சந்தேகம் சரியென்பது, பான்குரொப்ட் பிரித்தானிய உளவாளி என்று 1889இல் வெளிப்பட்டபோதுதான் உறுதியானது. எவரையும் நம்பாத மனிதர் எனப் பெயரெடுத்தவருக்குச் சார்பான மிக வலுவான சான்று, அவருக்காக வாதாடிய நூலுக்குக் கிடைக்காமலே போயிற்று.

கட்டின் குறையைச் சொன்னதும், கூலி வாங்காமல் மீண்டும் அச்சிட்டு இரு பாகங்களையும் தனித்தனியே கட்டித் தந்தார்கள். கோப்பைக் கொடுப்பவர்கள் உட்புற ஓரம் எவ்வளவு வேண்டும் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்து, ஒரு மாதிரிப் பக்கம் பார்த்த பின்னரே முற்பணம் கட்டுவது நல்லது.