உயிரோட இருக்கேக்கையே கல்வெட்டு எழுதித் தாற அச்சகம்

வெளிநாட்டில பிறந்த பிள்ளையளுக்காக முதல்ல ஒண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். யாழ்ப்பாணத்தில கல்வெட்டு எண்டா கல்லில வெட்டினது இல்லை, ஒராள் செத்து 31ம் நாள் அந்தியேட்டிக்கு வாறாக்களுக்குக் குடுக்கிற நினைவுப் புத்தகம். உள்ளுக்க படம், செத்த திதியைப் பாட்டாச் சொல்லுற திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, பஞ்சபுராணம், மக்கள் புலம்பல் மருமக்கள் புலம்பல் எண்டு கொஞ்சம், வம்சாவளி, கடைசிப் பக்கத்தில நன்றி நவிலல். நான் எழுதுறது நாவலர் வீதிப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன அச்சகத்தைப் பற்றி, அவை இந்தக் கல்வெட்டை ஆள் உயிரோட இருக்கேக்கையே, ஆளை முன்னால இருத்தி வைச்சுக் கேட்டுக் கேட்டு எழுதித் தருகினம். பேர் போடவேண்டாம் எண்டு முதலாளி அண்ணை கேட்டவர், அதால போடேல்லை.

அம்மா மோசம் போனது குரோதி வருசம். செத்த வீடு, காடாத்து, எட்டு, கீரிமலை எண்டு அந்த ஒரு மாதமும் எப்பிடி ஓடினது எண்டே தெரியாது, அதுக்குள்ள வேற ஒரு இடத்தில கல்வெட்டும் அடிக்கக் குடுத்தாச்சு. அம்மா கலியாணத்துக்கு முதல் என்ன செய்தவ, ஆரோட சிநேகிதம், எதுக்கு ஆசைப்பட்டவ எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை, தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் அவவுக்கு முதலே போட்டினம். அங்க இருந்த பெடியன் ஏற்கனவே ரைப் பண்ணி வைச்ச புலம்பலில பேரை மட்டும் மாத்திப் போட்டுத் தந்தான். திதி சரி, உறவு முறை எல்லாம் சரி, ஆனா வாசிக்கேக்க அது ஆரோ ஒரு அம்மா.

பேந்து 2025 சித்திரையில விசுவாவசு வருசம் பிறந்தது. நான் பிறந்ததும் விசுவாவசு தான், 1965. அறுபது வருசம் சுத்தி அதே பேர் திரும்பி வந்திருக்கு, இனி அது வாறது 2085ல, அப்ப நான் இருக்கமாட்டன். இதைக் கவலையா யோசிக்கேல்லை, கணக்குப் பார்த்தா அப்பிடித்தான் வருது. அண்டைக்குத்தான் என்ர கல்வெட்டை நானே எழுதிறது எண்டு முடிவெடுத்தன். பிள்ளையள் இரண்டு பேரும் வட்ஸ்அப்பில "அம்மா வாயைக் கழுவுங்கோ" எண்டு ஒரே சத்தம், இவரும் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு தான் ஏத்திக்கொண்டு போனவர்.

அங்க போனா உடன கொம்பியூட்டரைத் திறக்க மாட்டினம். ஒரு பழைய மேசை, பிளேன்ரீ, கேள்வியள் எழுதின நாலைஞ்சு தாள். பிறந்த ஊர் புகுந்த ஊர் எல்லாம் கெதியில முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு வாறதுதான் வேலை. உங்களைப் பற்றிப் பிள்ளையளுக்குத் தெரியாதது என்ன, ஆரோட கதைக்காமல் விட்டனீங்கள், செய்யவேணும் எண்டு நினைச்சு இன்னும் செய்யாமல் கிடக்கிறது என்ன. எனக்கு இந்தக் கடைசிக் கேள்விக்குச் சட்டெண்டு வாயில வந்தது நெடுந்தீவு. யாழ்ப்பாணத்திலயே பிறந்து வளர்ந்து நெடுந்தீவு பார்க்கேல்லை எண்டு சொல்லவே ஒரு மாதிரி இருந்தது, பயணம் எண்டா பயம், சண்டைக்காலம், பிள்ளையள் சின்னன், பேந்து முழங்கால் எண்டு ஒவ்வொரு சாட்டு. அந்தக் கிழமையே குறிகட்டுவானில வள்ளம் ஏறிப் போனனாங்கள். குதிரையள், அந்தப் பெருக்கு மரம், முருகைக்கல்லு வேலியள், வெயிலெண்டா வெயில். முழங்கால் நொந்தது தான், நொந்தா என்ன.

ஆனா என்னை உலுப்பினது நன்றி நவிலல் பக்கம். வழமையா அதைக் குடும்பத்தாக்கள் எழுதிறது, செய்தி கேட்டு ஓடி வந்தவைக்கு, தொலைபேசியில துக்கம் விசாரிச்சவைக்கு, மலர்வளையம் வைச்சவைக்கு எண்டு. இஞ்ச நாங்களே சொல்லவேணும். நான் 1995 ஐப்பசியைச் சொன்னன். அக்ரோபர் 30 இரவு சண்டை கிட்ட வர ஊரே எழும்பி நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்கு ஊர்ந்து போச்சு, மழை, கையில பிள்ளை பிறந்து மூண்டு மாதம், மீசாலையில ஒரு வீட்டில முன்பின் தெரியாத ஒரு அக்கா கதவைத் திறந்து தன்ர அறையை எங்களுக்கு விட்டிட்டுத் தான் விறாந்தையில படுத்தவ. நான் சொல்லச் சொல்ல அண்ணை எழுதிக்கொண்டு வந்து பேனையை வைச்சிட்டு, "அவ இருக்கிறாவோ தங்கச்சி?" எண்டார். இருக்கிறா எண்டு கேள்வி எண்டன். "அப்ப இதை நான் ஏன் அடிக்கவேணும், போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோவன்."

போனன். அக்காவுக்கு இப்ப கண் வடிவாத் தெரியாது, ஆனா குரலில பிடிச்சிட்டா, முதல் கேட்டது "அந்தக் கைக்குழந்தை என்ன செய்யுது?" எண்டு. அவனுக்கு முப்பது வயசு அக்கா எண்டன். கையைப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் இருந்தனாங்கள், நன்றி எண்ட சொல்லை நான் நேர சொல்லி முடிச்சனான். இது கல்வெட்டில மட்டும் வந்திருந்தா அவவுக்கு வாசிக்கவும் ஏலாது, எனக்குச் சொல்லவும் ஏலாது.

புத்தகம் எப்பிடி எண்டா, வடிவா இருக்கு. புலம்பல் முழுக்க வெட்டச் சொன்னன், திருவாசகம் விட்டன், என்ர ஒடியல் கூழ் செய்முறை இரண்டு பக்கம் போட்டன், மகள் அதைத்தான் முதல் பார்த்தவ. எங்கட அல்பம் எல்லாம் 95ல வீட்டோட போச்சு, படிச்ச காலத்துக் குறூப் படம் ஒண்டு கூடப் படிச்சவவிட்ட இருந்தது, அதில இருந்து என்ர முகத்தை எடுத்து நல்லாத் துப்பரவாக்கித் தந்தினம். மறைவு எண்ட இடத்தில திகதி இல்லை. திதி வெண்பாப் பக்கம் வெறும் பக்கம், அதை எழுதிறதுக்கு ஒரு பண்டிதர் ஐயா இருக்கிறார், வருசம் மாதம் பிறை திதி நாலும் தெரிஞ்சாத்தான் அவருக்கு வேலை. அந்தப் பக்கத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறன். பார்த்த நாளில ஒரு அலுவலையும் நாளைக்கு எண்டு தள்ள மனம் வருகுதில்லை, மகளோட கோவிச்சுக்கொண்டு போனை வைக்கவும் மனம் வருகுதில்லை.

குறையும் சொல்லவேணும். முதல் புறூவ்ல எழுத்துப்பிழை கனக்க, பாமினி எண்ட பழைய எழுத்துருவில இருந்து யூனிக்கோட்டுக்கு மாத்தேக்க சில எழுத்துகள் குழம்பி, ஊர்ப்பேர் இரண்டு இடத்தில வேற வேறயா வந்தது. கட்டாயம் வம்சாவளியை நீங்களே ஒருக்கா, வீட்டில இன்னொராள் ஒருக்கா பாருங்கோ. அச்சகம் மேல்மாடி, படி ஒடுக்கம், வயசுபோனாக்களுக்குக் கஷ்டம், முதலே சொன்னா கீழ வந்து இருந்து எழுதுவினம், ஆனா றோட்டுச் சத்தம். ஆட் பேப்பர் போடச் சொல்லி அங்க நிக்கிற தம்பி கொஞ்சம் கரைச்சல் தருவார், சாதாரணத் தாளே காணும். வெண்பாக் காசு வேற.

வேதக்கார (கிறிஸ்தவ) ஆக்களுக்கும் செய்யினம், திருமுறைக்குப் பதிலா பைபிள் சங்கீதம் போட்டு.

இன்னொண்டு, நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி குடுக்கச் சொல்லி அண்ணை எல்லாருக்கும் சொல்லுவார், அவையின்ர இணையத்தில பழைய நினைவு மலர்கள் கனக்க இருக்கு, ஊர் வரலாறு தேடுறாக்கள் அதுகளைத்தான் புரட்டுகினம். 1981ல யாழ் நூலகத்தில 97,000 புத்தகத்துக்கு மேல எரிஞ்ச ஊர் இது, வீட்டு அலுமாரியில கிடக்கிற கல்வெட்டும் எங்கட ஏடுதான்.

போறதெண்டா ஞாயிறு காலமை போங்கோ, மெசின் ஓடாது, ஆறுதலாக் கதைக்கலாம். இப்ப மூண்டு பிரதி மட்டும் கட்டித் தருவினம், மிச்சம் பிறகு வீட்டாக்கள் அடிக்கலாம், ஃபைலைப் பென்றைவில கேட்டு வாங்கி பிள்ளையளுக்கும் அனுப்பி வையுங்கோ. பழைய படங்களை மடிக்காமல் கொண்டு போங்கோ. புருசன் பெண்சாதி இரண்டு பேரும் போறதெண்டா தனித்தனியா இருந்து எழுதுங்கோ, இவர் முதல் என்னோட கூட இருந்து வாயே திறக்கேல்லை, இப்ப தனிய போய் எழுதிக்கொண்டிருக்கிறார், என்ன எழுதிறார் எண்டு எனக்கு இன்னும் காட்டேல்லை.