மந்தைவெளியில் வீடு விற்றுத் தந்த தரகர் சேவை

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் விற்பனைக்கு வரும் பழைய அடுக்குமாடி வீடுகள் குறைவு என்பதால், கேட்ட விலை கிடைத்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. நாங்கள் அணுகிய உள்ளூர்த் தரகர் அந்த ஆசையை வளர்க்காமல், முதலில் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் கேட்டு வாங்கி, பிரிபடாத மனைப்பங்கு, அதாவது அடுக்குமாடி நிற்கும் நிலத்தில் எங்கள் வீட்டுக்குரிய பங்கு, எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் விரல் வைத்துக் காட்டினார். வாங்குபவருக்கு 7 சதவீத முத்திரைத்தீர்வையும் 2 சதவீதப் பதிவுக்கட்டணமும் தனிச் செலவு என்பதையும், விலை 50 லட்சத்தை எட்டினால் எங்கள் தொகையில் 1 சதவீத வரிப்பிடித்தம் உண்டு என்பதையும் கணக்கில் கொண்டே பேரம் பேசினார். வங்கிக் கடன் தாமதமாகலாம் என்று சொல்லி, முன்பணத்தோடு காலவரையறையும் எழுதிய ஒப்பந்தத்தை அவர் வலியுறுத்தியது மெச்சத்தக்கது. தரகுக்கூலிதான் உறுத்துகிறது, ஆள் தேடி அலையத் தேவையில்லாத சந்தையில் இருதரப்பிலும் 2 சதவீதம் கேட்பது, என் பார்வையில், அதிகம்.